வீட்டுக்குள் ஒரு விமானி அறை

விமானம் ஓட்டக் கற்பவர் தவறு செய்யாமல் கற்க இயலாது. ஆனால் வானத்தில் செய்யும் தவறைத் திருத்திக்கொள்ள எப்போதும் வாய்ப்புக் கிடைப்பதில்லை. தவறு செய்ய இடம் வேண்டும். உயிருக்கு ஊறு நேரவும் கூடாது. இவ்விரண்டும் ஒருங்கே கிடைக்கத் தோன்றியதே சிமுலேட்டர் எனப்படும் பாவனைப் பறப்புக் கருவி.

அமெரிக்காவின் பிங்காம்டன் நகரில் வாழ்ந்த எட்வின் லிங்க் என்பவர் 1929ஆம் ஆண்டில் இத்தகைய கருவி ஒன்றை உருவாக்கினார். அவருடைய தந்தை பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர். இசைக்கருவிக்குக் காற்றூட்டும் துருத்திகளைக் கொண்டே லிங்க் தம் சிறிய விமானத்தைச் சாயவும் திரும்பவும் வைத்தார். தொடக்கத்தில் அதனைப் பொழுதுபோக்குப் பூங்காக்களே வாங்கின. 1934ஆம் ஆண்டில் அமெரிக்கத் தரைப்படையின் விமானப் பிரிவு அஞ்சல் பைகளைச் சுமந்து செல்லும் பணியை ஏற்றது. பனி, புயல், இருள் ஆகியவற்றினூடே கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பயிற்சி அவ்விமானிகளுக்குப் போதவில்லை. பலர் உயிரிழந்தனர். அதன் பின்னரே படையினர் லிங்க்கின் கருவிகள் ஆறினை வாங்கினர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பல இலட்சம் வீரர்கள் அக்கருவியில் அமர்ந்து பயின்றனர்.

அன்று படையினர் பெற்ற அப்பயிற்சியை இன்று ஒரு மாணவர் தம் வீட்டின் ஒரு மூலையிலேயே ஓரளவு பெற முடியும். கணினியும், பிளைட்கியர் போன்ற இலவச மென்பொருளும், சில மரப்பலகைகளும், சிறு மின்பொருள்களும் இருந்தால் போதும்.

முதலில் அட்டை, பிறகு பலகை

வீட்டில் விமானி அறை அமைப்போர் பலரும் செஸ்னா 172 என்னும் நான்கு இருக்கை விமானத்தை மாதிரியாகக் கொள்வர். பயிற்சி விமானமாக உலகெங்கும் பயன்படும் அதன் அமைப்பு எளிது. விமானத்தைச் சாய்க்கவும், மூக்கை ஏற்றி இறக்கவும் ஒரு கைப்பிடி. சுக்கானைத் திருப்ப இரண்டு மிதிகள். இயந்திர ஆற்றலைக் கூட்டிக் குறைக்கத் திராட்டில். விமானியின் எதிரே வேகம், உயரம், சாய்வு, திசை முதலியவற்றைக் காட்டும் ஆறு முதன்மைக் கருவிகள்.

தேர்ந்த கைவினைஞர் எடுத்த எடுப்பில் ஒட்டுப்பலகையை அறுப்பதில்லை. பழைய அட்டைப் பெட்டிகளை வெட்டி முழு அளவில் ஒரு மாதிரி செய்கின்றனர். நாற்காலியில் அமர்ந்து பார்க்கின்றனர். முழங்கால் பலகையில் இடிக்கிறதா? திராட்டில் கைக்கு எட்டுகிறதா? திரை கண்மட்டத்தில் உள்ளதா? அட்டையில் கண்ட பிழையைக் கத்தரிக்கோலால் திருத்தலாம். பலகையில் கண்ட பிழைக்கோ புதிய பலகை வேண்டும்.

அசைவு எண்ணாக மாறுதல்

மிதியை அழுத்தியதைக் கணினி எவ்வாறு அறிகிறது? மிதியின் அச்சில் மாறுமின்தடை ஒன்று பொருத்தப்படுகிறது. அதற்கு மூன்று முனைகள் உண்டு. ஒரு முனையில் 5 வோல்ட் மின்னழுத்தம் தரப்படும். மறுமுனை புவி முனையுடன் இணைக்கப்படும். நடுமுனையின் மின்னழுத்தம் அச்சு திரும்பும் அளவுக்கு ஏற்ப மாறும். அதனை ஆர்டுயினோ லியனார்டோ போன்ற சிறு மின்பலகை 0 முதல் 1023 வரையிலான எண்ணாக மாற்றி, யுஎஸ்பி கம்பி வழியே கணினிக்கு அனுப்பும். மிதி நடுநிலையில் நின்றால் எண் ஏறத்தாழ 512 ஆக இருக்கும்.

சுவிட்சின் கதை வேறு. அது திறந்திருக்கும்போது மின்பலகையின் உள்ளீட்டு முனை எதனுடனும் இணையாமல் நின்றால், அது காட்டும் நிலையை நம்ப இயலாது. யாரும் தொடாமலே விளக்கு எரிந்து அணையும். அம்முனையை ஒரு மின்தடை வழியாக 5 வோல்ட்டுடன் இணைத்துவிட்டால் குழப்பம் நீங்கும்.

பழுதைத் தேடும் முறை

விமான நிலையத்தில் அமைதியாக நிற்கும் திரை விமானத்தின் சுக்கான் இடைவிடாது நடுங்குகிறது என்று கொள்வோம். மிதி, மாறுமின்தடை, கம்பி, மின்பலகை, மென்பொருள் ஆகிய ஐந்தும் ஒரு சங்கிலியின் கண்ணிகள். பழுது எந்தக் கண்ணியில் உள்ளது? எல்லாவற்றையும் கழற்றிப் போடுவது வழியன்று. பதறாத காரியம் சிதறாது.

முதலில் சங்கிலியின் நடுவே நின்று பார்த்தல் வேண்டும். மின்பலகை அனுப்பும் எண்ணைத் திரையில் வரவழைக்க வேண்டும். எண் அசையாமல் நின்றால் பழுது மென்பொருளின் அமைப்பில் உள்ளது. எண்ணே தாவினால் பழுது அதற்கு முன்னால் உள்ளது. அடுத்து, நன்றாக இயங்கும் திராட்டிலின் கம்பியையும் மிதியின் கம்பியையும் இடம் மாற்றிச் செருக வேண்டும். நடுக்கம் மிதியின் கம்பியோடு சேர்ந்து புதிய இடத்திற்குச் சென்றால் குற்றம் மிதியின் பக்கத்தில். பழைய இடத்திலேயே தங்கினால் மின்பலகையின் பக்கத்தில். பின்னர்க் கம்பியை மெல்ல அசைக்கலாம். அசைக்கும்போது எண் தாவினால் பற்றவைப்பு தளர்ந்துள்ளது எனலாம். மிதி ஒரு குறிப்பிட்ட இடத்தைக் கடக்கும்போது மட்டும் தாவினால் மாறுமின்தடையின் உட்பாதை தேய்ந்தோ தூசு படிந்தோ இருக்கலாம்.

இம்முறைக்கு இரண்டு விதிகள் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றியதையும் விளைவையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். மூன்றை ஒருசேர மாற்றிப் பழுது நீங்கினாலும், நீக்கியது எது என்று தெரியாது. அப்பழுது மீண்டும் வந்தால் தேடலையும் மீண்டும் தொடங்க நேரும்.

பாதுகாப்பிலும் தளர்வு கூடாது. கம்பிகளைக் கழற்றும்முன் யுஎஸ்பி இணைப்பைத் துண்டிக்க வேண்டும். சுவரிலுள்ள மின்னிணைப்பைத் தொடக் கூடாது. சூடான பற்றவைப்புக் கோலைப் பெரியோர் உடனிருக்கும்போது மட்டுமே கையாள வேண்டும்.

பழுதல்லாத பழுது

ஒருநாள் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் ஓடுபாதையில் திராட்டிலை முழுவதும் தள்ளியவுடன் விமானம் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு புல்வெளிக்குள் இறங்கும். புதிதாகக் கற்பவர் மிதியைக் கழற்றத் தொடங்குவார். மென்பொருளில் காற்றின் வேகத்தைச் சுழியமாக்கிவிட்டு, மிதியின் எண்ணைப் பார்ப்பவரோ அது 512இலேயே நிற்பதைக் காண்பார். ஆற்றல் குறைவாக உள்ளபோது விமானம் நேராகச் செல்வதையும், ஆற்றல் கூடக்கூட இழுப்பும் கூடுவதையும் காண்பார்.

இது பழுதன்று, இயற்கை. விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் செஸ்னாவின் சுழல்விசிறி வலஞ்சுழியாகச் சுற்றும். அது பின்னே தள்ளும் காற்று விமானத்தின் உடலைச் சுற்றிச் சுழன்று சென்று வால்தகட்டின் இடப்பக்கத்தைத் தாக்கும். வால் வலப்பக்கம் தள்ளப்பட, மூக்கு இடப்பக்கம் திரும்பும். வேறு சில விசைகளும் இதற்குத் துணைசெய்யும். உண்மை விமானத்தில் விமானி வலது மிதியை அழுத்தி நேர்வழியில் நிறுத்துவார். வீட்டு விமானியும் அதையே செய்ய வேண்டும். மிதியைக் கழற்றியிருந்தால் நல்ல கருவி கெட்டிருக்கும். பாடமும் கிட்டாமல் போயிருக்கும்.

வீட்டுக் கருவியில் உடலை அழுத்தும் விசை இல்லை. அங்குக் கழித்த மணிகள் விமானி உரிமத்துக்கான பறப்பு நேரமாகவும் கொள்ளப்படுவதில்லை. எனினும், கண்ணுக்கு எதிரே உள்ள எண்ணை நம்பி, காரணத்தைக் கண்ட பின்னரே கையை நீட்டும் பழக்கம் அங்கே உருவாகிறது. மூடுபனிக்குள் நுழையும் விமானிக்கு வேண்டியதும் அப்பழக்கமே.

அருஞ்சொற்பொருள்

ஊறு – தீங்கு
துருத்தி – காற்றை ஊதும் கருவி
சுக்கான் – திசை திருப்பும் உறுப்பு
சுழியம் – பூஜ்யம்
வலஞ்சுழி – வலப்பக்கமாகச் சுழல்வது

பயிற்சி

1. எட்வின் லிங்க் தம் கருவியை இயக்க எதனைப் பயன்படுத்தினார்? அது அவருக்கு எளிதில் கிடைத்தது ஏன்?
2. அட்டையில் மாதிரி செய்வதால் விளையும் நன்மை யாது?
3. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பதன் காரணத்தை விளக்குக.
4. சேர்த்து எழுதுக: மின் + அழுத்தம், பழுது + அன்று.
5. எதிர்ச்சொல் தருக: வலஞ்சுழி, தளர்வு.
6. உங்கள் வீட்டில் இயங்காமல் போன மிதிவண்டி விளக்கு அல்லது மின்விசிறி ஒன்றை எண்ணிக்கொள்க. எதனையும் கழற்றாமல், பழுது எங்குள்ளது என்று எவ்வாறு ஆராய்வீர்கள்? பத்து வரிகளில் எழுதுக.