வீட்டிலே ஒரு களஞ்சியம்

நம் வீட்டு நெல்லை ஊர் பேர் தெரியாதவர் குதிரில் கொட்டிவிட்டு நிம்மதியாக உறங்குவோமா? ஆனால் ஆய்வுக் குறிப்புகளையும் குடும்பப் படங்களையும் நாம் அப்படித்தான் வைத்திருக்கிறோம். 'மேகம்' எனப்படுவது வானில் இல்லை. பிறருடைய கணினியில் இருக்கிறது.

சென்ற ஆண்டு என் கைப்பேசி தில்லிப் பேருந்தில் தொலைந்தது. அதற்கு முன்பே இலவசச் சேமிப்பிடம் நிரம்பி, நகலெடுப்பு நின்றுபோயிருந்தது, நான் கவனிக்கவில்லை. பாட்டியின் குரல் பதிவுகள் அதனோடு போயின. பாட்டியும் இன்று இல்லை. அன்பர்களே, அந்த இழப்பே இக்கட்டுரைக்குக் காரணம்.

வேண்டுவன யாவை? 4 ஜிபி நினைவகமுள்ள பழைய மடிக்கணினி ஒன்று. அதில் 1 டிபி வட்டு. மென்பொருள்களுக்கு விலையில்லை. லினக்ஸ் 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டது. நெக்ஸ்ட்கிளவுட் 2016இல் பிராங்க் கார்லிட்செக் குழுவினர் தொடங்கியது.

முதற்படி: உபுண்டு சர்வரை நிறுவுக. வட்டில் இருப்பவை அழிந்துவிடுமாதலால் முன்னரே எடுத்துவைத்துக்கொள்க. வட்டின் ஒரு பகுதி மட்டுமே தானாக ஒதுக்கப்படலாம், முழுவதையும் ஒதுக்குக. மூடியைக் கவிழ்த்தால் கணினி உறங்காதபடி அமைப்பை மாற்றுக.

இரண்டாம் படி: ரவுட்டரில் இக்கணினிக்கு மாறாத முகவரி ஒன்றைக் குறித்து வைக்க.

மூன்றாம் படி: 'சூடோ ஸ்னாப் இன்ஸ்டால் நெக்ஸ்ட்கிளவுட்' என்னும் ஒரே கட்டளை போதும், வலைச் சேவையகமும் தரவுத்தளமும் கூடவே வந்துவிடும். பின் உலாவியில் அம்முகவரியைத் திறந்து, நீண்ட கடவுச்சொல்லுடன் நிர்வாகிக் கணக்கை உண்டாக்குக. அன்றாடப் பயனுக்கு வேறு கணக்கு வைத்துக்கொள்வதே நன்று.

நான்காம் படி: வெளியிலிருந்து எப்படி அணுகுவது? நம் நாட்டில் பல வீட்டு இணைப்புகள் ஒரே பொது முகவரியைப் பகிர்கின்றன. ஆகவே வெளியிலிருந்து நம் கதவை நேரே தட்ட இயலாது. கைப்பேசியிலும் கணினியிலும் டெயில்ஸ்கேலை நிறுவினால், இரண்டுக்குமிடையே மறையாக்கம் செய்த தனிவழி உண்டாகும். ரவுட்டரில் வாயில் எதையும் திறக்க வேண்டியதில்லை. டெயில்ஸ்கேல் தரும் புதிய முகவரியை நெக்ஸ்ட்கிளவுடின் 'டிரஸ்டட் டொமைன்ஸ்' பட்டியலில் சேர்க்க மறவாதீர். சேர்க்காவிடில் அது உள்ளே விடாது.

இனி ஓர் எச்சரிக்கை. ஒத்திசைவு வேறு, காப்பு நகல் வேறு. ஒத்திசைத்த கோப்பை ஓரிடத்தில் அழித்தால் மற்ற இடங்களிலும் அது அழியும். குப்பைத்தொட்டியில் சில காலம் கிடக்குமேனும், வட்டே பழுதானால் அதுவும் போயிற்று. எனவே வாரம் ஒருமுறை 'நெக்ஸ்ட்கிளவுட்.எக்ஸ்போர்ட்' கட்டளையால் நகலெடுத்து, தனி வட்டில் சேமியுங்கள். மற்றொரு நகல் ஊரிலே இருக்கட்டும். திருட்டும் தீயும் ஒரு வீட்டோடு நிற்கும்.

பிறர் களஞ்சியத்தில் காவல் அவர்கள் பொறுப்பு. நம் களஞ்சியத்தில் பூட்டும் நாமே, காவலும் நாமே. மென்பொருளைப் புதுப்பிப்பதும் நகலைச் சோதிப்பதும் நம் கடமைகள். விடுமுறைக்கு ஊர் செல்லுமுன் ஒரே ஒரு கோப்பையாவது காப்பு நகலிலிருந்து மீட்டுப் பாருங்கள். ஊர் சேர்ந்ததும், பெரியவர்களின் குரலைப் பதிந்து அதில் சேருங்கள். நான் காலந்தாழ்த்தி அறிந்ததை நீங்கள் காலத்தே செய்யுங்கள்.