அப்பா நிழலில் ஒரு பந்து

போன செமஸ்டர்ல ஒரு ராத்திரி மெஸ்ல சாப்பிட்டுட்டு ரூமுக்குத் திரும்பிக்கிட்டு இருந்தேன். தம்பிகிட்ட இருந்து போன். பத்தாவது படிக்கிறான், ஸ்கூல் பாஸ்கெட்பால் டீம்ல இருக்கான்.

"அண்ணா, நான் டீம்ல இருந்து நின்னுக்கறேன். அப்பாகிட்ட நீயே சொல்லிடு."

அன்னைக்கு ஒரு மேட்ச் தோத்திருக்காங்க. ஆனா அவன் வருத்தம் அதுல இல்ல. ஆட்டம் முடிஞ்சதும் வேடிக்கை பார்க்க வந்த பெரியவர் ஒருத்தர், "உங்கப்பன் இறங்கியிருந்தா ஒத்த ஆளா ஜெயிச்சுக் குடுத்திருப்பான்"னு சொல்லிட்டுப் போயிருக்கார்.

எங்க ஊர் கொல்லிமலையில வளப்பூர் நாடு. அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஆகாய கங்கை அருவிக்கும் டூர் போனவங்க எங்க ஊர் வழியாத்தான் போயிருப்பீங்க. எங்கப்பா அந்தக் காலத்துல மாவட்ட டீம்ல ஆடினவர். ஆறடிக்கு மேல உயரம். மலையில இருக்கிற 14 நாட்டுலயும் அவரைத் தெரிஞ்சவங்க உண்டு. தம்பி அம்மா ஜாடை, உயரமும் அம்மா மாதிரிதான். ஊர்ல யாரும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. "மாஸ்டர் பையன்", அவ்வளவுதான்.

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியல. "ரெண்டு நாள் பொறுடா"ன்னு மட்டும் சொன்னேன். அந்த ரெண்டு நாள்ல தேடிப் படிச்சதையும் அவன்கிட்ட சொன்னதையும்தான் இங்க எழுதறேன். நம்ம கிளாஸ்லயே "அப்பா சீஃப் இன்ஜினியர்", "அக்கா கோல்டு மெடலிஸ்ட்"னு ஆரம்பிக்கிற அறிமுகத்துக்குப் பின்னாடி தலைகுனிஞ்சு நிக்கிறவங்க இருக்காங்க. அவங்களுக்கும் இது உதவலாம்.

பாடம் 1: பேர் கதவைத் திறக்கும், கூடை போட்டுத் தராது

முதல்ல தம்பிக்கு நல்லாத் தெரிஞ்ச ஆள். லெப்ரான் ஜேம்ஸோட மூத்த பையன் பிரானி. 2004 அக்டோபர்ல பிறந்தவர். அப்பாவோட முழுப் பேரும் பையனுக்கு அப்படியே வெச்சாச்சு. அந்தப் பேரை வெச்சதுக்காகப் பின்னாடி வருத்தப்பட்டதா 2018-ல லெப்ரானே வெளிப்படையா சொன்னார்.

2023 ஜூலையில கல்லூரிப் பயிற்சியில இருக்கும்போதே பிரானிக்கு இதயம் நின்னுபோச்சு. பிறவியிலேயே இருந்த இதயக் குறைபாடுன்னு கண்டுபிடிச்சுச் சிகிச்சை செஞ்சாங்க. சில மாசத்துல திரும்பி வந்து சதர்ன் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். சராசரி ஒரு ஆட்டத்துக்கு 4.8 பாயிண்ட். 2024 டிராஃப்ட்ல 55-ஆவது ஆளா எடுத்தது லேக்கர்ஸ், அதாவது அப்பாவோட டீம். அந்த வருஷம் அக்டோபர் 22 அன்னைக்கு அப்பாவும் பையனும் ஒண்ணா களத்துல இறங்கினாங்க. என்.பி.ஏ. வரலாற்றுல அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

"அப்பா பேர் இல்லாட்டி இந்த இடம் கிடைச்சிருக்குமா?"ன்னு உலகமே கேட்டுச்சு. நியாயமான கேள்விதான், மறைக்க வேண்டாம். பேர் கதவைத் திறந்துச்சு. ஆனா உள்ள போனதுக்கு அப்புறம்? பிரானியை லேக்கர்ஸ் தன்னோட வளர்ப்பு டீமான சவுத் பே லேக்கர்ஸுக்கு ஜி லீக்ல ஆட அனுப்பிச்சு. கேமரா வெளிச்சம் குறைவா இருக்கிற இடம். அங்க நிறைய நேரம் ஆடினார், தப்பு பண்ணினார், திருத்திக்கிட்டார். 2025 மார்ச்ல மில்வாக்கிக்கு எதிரா என்.பி.ஏ. ஆட்டத்துல 17 பாயிண்ட். அதே மாசம் ஜி லீக்ல ஒரே ஆட்டத்துல 39 பாயிண்ட்.

இதனால அவர் பெரிய ஸ்டார் ஆயிட்டார்னு அர்த்தம் இல்ல. இன்னொரு விஷயத்தைக் கவனிங்க. அப்பா 6 அடி 9 அங்குலம். பையன் 6 அடி 2 அங்குலம். அப்பா மாதிரி உள்ள புகுந்து ஆட்களைத் தள்ளிக்கிட்டு கூடை போட இந்த உடம்பால முடியாது. எதிராளி கார்டை ஒட்டி நின்னு மறிக்கறது, பந்தைப் பறிக்கறது, தூரத்துல இருந்து எறியறது. இவருக்கு வழி அதுதான்.

பாடம் 2: நம்ம ஊர்லயே ஒரு வீடு

அமெரிக்கா வரைக்கும் போவானேன்? பந்து வேற, கதை இதேதான். சென்னையில டென்னிஸ் ஆடின கிருஷ்ணன் குடும்பம்.

ராமநாதன் கிருஷ்ணன் 1937-ல நாகர்கோவில்ல பிறந்தவர். அவருக்கு ஆட்டம் சொல்லிக் குடுத்ததே அவரோட அப்பா டி.கே.ராமநாதன்தான். 1954-ல விம்பிள்டன் ஜூனியர் பட்டம் ஜெயிச்சார். ஆசியாவுல இருந்து அதை ஜெயிச்ச முதல் ஆள். 1960-லயும் 1961-லயும் விம்பிள்டன் அரையிறுதி. 1966-ல இந்தியா டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனதுக்கு முக்கியக் காரணமே இவர்தான். கல்கத்தாவுல பிரேசிலோட 2-2னு நின்னப்ப, கடைசி ஆட்டத்துல தாமஸ் கோச்கிட்ட தோக்கிற நிலைமைக்குப் போய் மீண்டு வந்து ஜெயிச்சார்.

பையன் ரமேஷ் கிருஷ்ணன் 1961 ஜூன்ல பிறந்தார். அடுத்த மாசம் அப்பா விம்பிள்டன் அரையிறுதியில ராட் லேவரோட ஆடிக்கிட்டு இருக்கார். இப்படி ஒரு வீட்டுல பிறந்த பையன் ராக்கெட்டைத் தூக்கினா ஊர் என்ன சொல்லும்? "அப்பா மாதிரி வருவியா?"

1979-ல ரமேஷும் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் ஜெயிச்சார். அப்பா ஜெயிச்சு சரியா 25 வருஷம். அதே வருஷம் பிரெஞ்சு ஜூனியர் பட்டமும். அப்புறம் 1981-லயும் 1987-லயும் அமெரிக்க ஓப்பன் காலிறுதி, 1986-ல விம்பிள்டன் காலிறுதி. 1985-ல உலக ரேங்க் 23.

ஊர்க்கணக்கு ரொம்ப சிம்பிள்: அப்பா அரையிறுதி, பையன் காலிறுதி. அப்போ பையன் ஒரு படி கம்மி. இந்தக் கணக்கு சரியா?

பாடம் 3: பவுண்டரி கண்டிஷனைப் பார்க்காம விடையை ஒப்பிடாதே

லேப்ல ரெண்டு ரீடிங்கை ஒப்பிடணும்னா செட்டப் ஒண்ணா இருக்கணும். இங்க செட்டப்பே வேற.

1960-61-ல விம்பிள்டன்ல அமெச்சூர் வீரர்கள் மட்டும்தான் ஆடலாம். காசு வாங்கி ஆடின புரொஃபஷனல்களுக்கு அனுமதி இல்ல. கோன்சாலஸ், ரோஸ்வால், ஹோட் எல்லாரும் வெளியில இருந்தாங்க. 1968-லதான் எல்லாருக்கும் கதவு திறந்துச்சு. ரமேஷ் ஆடினப்ப உலகத்துல இருக்கிற நல்ல வீரர்கள் எல்லாரும் அதே டிராவுல இருந்தாங்க. மர ராக்கெட் போய் கிராஃபைட் வந்து, சர்வீஸ் வேகம் ஏறிக்கிட்டு இருந்த காலம் வேற.

அப்பாவைக் குறைச்சுப் பேசறதுக்காக இதைச் சொல்லல. தனக்கு முன்னாடி நின்னவங்களை அவர் ஜெயிச்சார். நான் சொல்றது, ரெண்டு பேரையும் ஒரே ஸ்கேல்ல வெச்சா ரெண்டு பேருக்குமே அநியாயம்.

தம்பி விஷயத்துலயும் இதே தப்புதான். அந்தப் பெரியவர் நினைவுல இருக்கறது அப்பா நல்லா ஆடின நாலஞ்சு ஆட்டம். எங்கப்பா சொதப்பின மேட்ச் அவர் ஞாபகத்துல இல்ல. பதினஞ்சு வயசுல அப்பா எப்படி ஆடினார்னு பார்த்த ஆளும் இல்ல. அப்பாவோட பெஸ்ட் ரீடிங்கை எடுத்து, தம்பியோட இன்னைய ரீடிங்குக்குப் பக்கத்துல வெக்கிறாங்க. எர்ரர் வராம என்ன வரும்?

பாடம் 4: கையில இருக்கறதை வெச்சு ஆடு

ரமேஷோட சர்வீஸ் மெதுவானதுன்னு எல்லாருக்கும் தெரியும். இடி மாதிரி சர்வீஸ் போடறவங்க காலத்துல அது பெரிய குறை. ஆனா எதிராளி அடிக்கிற வேகத்தையே வாங்கி, சரியான நேரத்துல தொட்டு, ஆள் இல்லாத இடத்துல பந்தை வெக்கிற கலை அவர்கிட்ட இருந்துச்சு. அந்த மென்மையான ஆட்டத்துல பாதி வீட்டுச் சொத்துதான். ஆனா அதை வேகமான காலத்துக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிட்டது அவரோட சொந்த உழைப்பு.

வெளியிலயும் போய்க் கத்துக்கிட்டார். ஃபுளோரிடாவுல அவருக்குப் பயிற்சி குடுத்தவர் ஹாரி ஹாப்மன். 1966 இறுதியில இந்தியாவைத் தோக்கடிச்ச ஆஸ்திரேலிய டீமோட கேப்டன் அவரேதான்! அப்பாவை எதிர்த்து நின்ன ஆள்கிட்டயே பையன் பாடம் கேட்டிருக்கார். வீட்டுக்குள்ள கிடைக்காத இன்னொரு பார்வை வெளியிலதான் கிடைக்கும்.

பலன்? 1987-ல சிட்னியில டேவிஸ் கோப்பை அரையிறுதி. ஆஸ்திரேலியாவோட 2-2. கடைசி ஆட்டத்துல வாலி மசூரை நேர் செட்ல ஜெயிச்சு இந்தியாவை இறுதிக்குக் கூட்டிட்டுப் போனார். அப்பா செஞ்ச அதே வேலை, 21 வருஷம் கழிச்சு, வேற ஆட்ட முறையில. 1989 ஆஸ்திரேலிய ஓப்பன்ல அப்போ உலக நம்பர் ஒண்ணா இருந்த மேட்ஸ் விலாண்டரையும் நேர் செட்ல தோக்கடிச்சார்.

பாடம் 5: காப்பித் தோட்டம் சொல்றது

இது எங்க மலைப் பாடம். தமிழ்ல 'நிழல்'னா ரெண்டு அர்த்தம். ஒண்ணு நம்மை மறைக்கிற கருப்பு. இன்னொண்ணு வெயிலுக்கு ஒதுங்கற இடம். அப்பா நிழல்ல ரெண்டுமே இருக்கு.

காப்பிச் செடிக்கு நிழல் வேணும். அதனால சில்வர் ஓக், பலா மாதிரி மரங்களுக்கு நடுவுல வெக்கிறோம். அதுக்காக மரத்தை அப்படியே விட்டுட்டா செடி நெட்டையா இழுத்துக்கிட்டுப் போகும், காய்ப்பு குறையும். அதனால மழைக்கு முன்னாடி ஏறி, மரத்துக் கிளையைக் கழிச்சு விடுவோம். யாரும் மரத்தை அடியோட வெட்ட மாட்டாங்க. தேவையான வெளிச்சம் கீழ இறங்கணும், அவ்வளவுதான்.

தம்பிகிட்ட இதைத்தான் சொன்னேன். "அப்பாவை வெட்டவும் வேணாம், அவருக்கு அடியிலயே முடங்கவும் வேணாம். எந்தக் கிளையைக் கழிக்கணும்னு பாரு." ஒரு நோட்டுல ரெண்டு பத்தி எழுதச் சொன்னேன். அப்பாகிட்ட இருந்து வாங்கிக்கறது: காலடி வேலை, பந்தைப் பார்க்கிற பார்வை, விடிகாலையில எழுந்திரிக்கிற பழக்கம். வேண்டாம்னு கழிக்கறது: அவர் ஆடின பொசிஷன், அவர் போட்ட பாயிண்ட் கணக்கு.

அப்பாகிட்டயும் பேசினேன், கொஞ்சம் பயந்துக்கிட்டேதான். கோபப்படுவார்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், "நான் கோர்ட் ஓரத்துல நின்னு கத்தறதும் அவனுக்குப் பாரமா இருக்கோ?"ன்னு கேட்டார். நான் பதில் சொல்லல. அடுத்த மேட்சுக்கு அவர் போகல. வீட்டுல இருந்துக்கிட்டு எனக்கு நாலு தடவை போன் பண்ணி ஸ்கோர் கேட்டார். எனக்கும்தான் எப்படித் தெரியும்!

தம்பி இப்போ பாயிண்ட் கார்டு. அந்த மேட்ச்லயும் தோத்தாங்க. அவன் போட்டது நாலே பாயிண்ட். ஆனா ஏழு கூடைக்குப் பந்து குடுத்திருக்கான். அன்னைக்கு ராத்திரி போன்ல அந்த ஏழையும் ஒவ்வொண்ணா சொன்னான். நிக்கிறதைப் பத்திப் பேச்சே வரல.

வீட்டுப்பாடம்

உங்க வீட்டுலயோ டிபார்ட்மென்ட்லயோ உங்களை யாரோட ஒப்பிடறாங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. அவங்களோட செட்டப் என்ன, உங்களோடது என்ன? அவங்ககிட்ட இருந்து எதை எடுத்துக்கப் போறீங்க, எந்தக் கிளையைக் கழிக்கப் போறீங்க? போன மாசம் நீங்க இருந்ததுக்கும் இப்போ இருக்கறதுக்கும் என்ன வித்தியாசம்?

கடைசிக் கேள்விக்கு ஒரு வரியாவது எழுத முடிஞ்சா, நீங்க வளர்ந்துக்கிட்டுதான் இருக்கீங்க.