வருமுன் காட்டும் மீயொலி

பொது மயக்க மருந்து இரத்தக் குழாய்களைத் தளர்த்துவதால் இரத்த அழுத்தம் தாழக்கூடும். அத்தாழ்வு நீடித்தால் மூளையும் சிறுநீரகமும் கேடுறும். உடலில் நீர் குறைந்தோர்க்கு இவ்விடர் மிகுதி. மதுரைச் சமவெளியின் கோடை வெயிலில் உழைத்து, அவசர அறுவை சிகிச்சைக்காக அரசு இராசாசி மருத்துவமனைக்கு வரும் உழவர் ஒருவரை எண்ணுக. அவரது உடலின் நீரிருப்பை உய்த்துணர மீயொலி துணைசெய்யும்.

மேல்வயிற்றில் மீயொலிக் கருவியை வைத்தால், இதயத்திற்கு இரத்தம் கொணரும் கீழ்ப்பெருஞ்சிரை திரையில் தோன்றும். மூச்சை உள்ளிழுக்கையில் அது சுருங்கும், வெளிவிடுகையில் விரியும். 20 மில்லிமீட்டர் விட்டம் 10 ஆகக் குறைந்தால், சுருக்கம் 50 விழுக்காடு. உடல்நீர் குறையக் குறைய இச்சுருக்கம் மிகும். மயக்கத்தின்பின் அழுத்தம் தாழும் வாய்ப்பும் மிகும். எனவே, மருத்துவர் முன்னரே சிரைவழி நீர்மம் செலுத்தி, மருந்தின் அளவையும் திருத்துவர். இக்குறி ஒன்றே முடிவன்று. நோயாளரின் வயதும் இதயநிலையும் உடன் எண்ணத்தக்கன.