இரவுக் காப்பகத்துக்கு நிதி திரட்டும் பங்குப் பேரவைக்கு

தெருவில் படுப்பவர்களுக்கு நிரந்தரக் காப்பகம் கட்டுவதென்று தீர்மானம் போட்டாகிவிட்டது. கட்டடத்துக்குப் பணம் சேர்ந்துவிடும். கல்வெட்டில் பெயர் வருமென்றால் சிமென்ட் மூட்டை தானாக வந்து இறங்கும். திறப்பு விழா முடிந்த நாலாம் மாதம் இரவுக் காவலருக்குச் சம்பளம் யார் தருவது? வசூலை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

செய்ய வேண்டியவை

• ஒரு மாதச் செலவை ஒரு தாளில் எழுதுங்கள். காவலர், சமையல், மின்கட்டணம் எல்லோருக்கும் ஞாபகம் வரும். போர்வை வெளுக்கும் கூலி, சிரங்கு மருந்து, பினாயில், மூட்டைப்பூச்சி மருந்து, ஆதார் எடுக்கப் போகிறவருக்குப் பஸ் காசு, இவைதான் விட்டுப்போகும். அந்தத் தாளையே நகலெடுத்து அன்பியக் கூட்டங்களில் கொடுங்கள். ‘ஏழைகளுக்கு உதவுங்கள்’ என்றால் ஒருமுறை நூறு ரூபாய் வரும். போர்வை வெளுக்கும் கூலி எங்களுடையது என்று ஓர் அன்பியம் ஏற்றுக்கொண்டால், மாதாமாதம் வரும்.

• பெரிய தொகை தருபவரிடம், அதில் பாதியையாவது வைப்புநிதியாகப் போட்டு வட்டியை மட்டும் எடுக்கச் சம்மதம் கேளுங்கள். எழுத்தில் வாங்குங்கள்.

• 80ஜி பதிவுள்ள மறைமாவட்டச் சமூக சேவைச் சங்கத்தின் பெயரில் ரசீது கொடுங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் வரிச்சலுகை கிடையாது, வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

• மனை தேடுமுன் மாநகராட்சிக்குப் போய் வாருங்கள். பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று 2010-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சென்னையில் மாநகராட்சிக் காப்பகங்களைத் தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. கட்டடச் செலவே மிச்சமாகலாம். (கல்வெட்டுக்காரர்களுக்கு வருத்தம்தான்.)

• 2017 முதல் நவம்பரில் வரும் வறியோர் உலக நாளன்று கணக்கைப் பலிபீடத்தருகே வாசியுங்கள், செலவோடு.

செய்யக்கூடாதவை

• வெளிநாட்டுப் பணத்தைப் பங்குக் கணக்கில் போடச் சொல்லாதீர்கள். இந்தியக் கடவுச்சீட்டோடு துபாயில் வேலை பார்ப்பவர் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வேறு. கனடாக் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்குத் தனிப் பதிவும், டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் கணக்கும் வேண்டும். அன்னை தெரசாவின் சபைக்கே 2021 டிசம்பரில் அந்தப் பதிவு புதுப்பிக்கப்படாமல் நின்று, அடுத்த மாதம்தான் திரும்பக் கிடைத்தது.

• ‘நம் சபையாருக்கு மட்டும்’ என்ற நிபந்தனையோடு வரும் பணம் வேண்டாம். ஒரே மதத்தாருக்கான அமைப்புக்கு 80ஜி-யும் கிடைக்காது.

• தங்குபவர் முகத்தைச் சுவரொட்டியில் போடாதீர்கள். அவரைத் தேடிக்கொண்டிருப்பவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது. அடித்து விரட்டிய கணவனாகவும் இருக்கலாம்.

• அக்கம்பக்கத்தாரிடம் பேசாமல் நோட்டீஸ் அடிக்காதீர்கள்.

• பழைய துணி வேண்டும் என்று அறிவிக்கவே அறிவிக்காதீர்கள். மூட்டை மூட்டையாகப் பட்டுப் பாவாடையும் கிழிந்த சுடிதாரும் வந்து படுக்கிற இடத்தை அடைத்துக்கொள்ளும். புது லுங்கி, நைட்டி, உள்ளாடை இன்ன அளவில் இத்தனை என்று எழுதி ஒட்டுங்கள்.