எடையில் இல்லை வெம்மை: தூவி உறக்கப்பை பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

அரியலூர் மாவட்டம் கீழப்பழுவூருக்கு அண்மையில் உள்ள கரைவெட்டி ஏரிக்குக் குளிர்காலந்தோறும் வரும் வரித்தலை வாத்துகள், மங்கோலியா, திபெத் போன்ற உயர்நிலங்களில் குஞ்சு பொரித்து இமயமலையைக் கடந்து தெற்கே இறங்குபவை. அந்தப் பயணத்தில் அவற்றுள் சில 7,000 மீட்டருக்கும் மேலே பறந்திருப்பது உடலில் பொருத்திய கருவிகளின் வழியே பதிவாகியுள்ளது. அந்த உயரத்துக் குளிரில் அவற்றின் உடற்சூட்டைக் காப்பதில் பெரும்பங்கு வகிப்பது வெளியே தெரியும் இறகுகளுக்கு அடியில் தோலையொட்டி வளரும், நடுத்தண்டு இல்லாமல் எல்லாத் திசையிலும் இழை இழையாக விரியும் தூவியாகும். மலையேறுவோர் முதுகில் சுமந்து செல்லும் உறக்கப்பைகளில், அதாவது கடைகளில் ஸ்லீப்பிங் பேக் என்று கேட்டு வாங்கப்படுபவற்றில், உயர்ந்த வகைகளுக்கு நிரப்பப்படுவதும் தூவிதான். ஆனால் அது 2024-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் தகுதி பெற்ற கரைவெட்டி போன்ற நீர்நிலைகளின் காட்டுப் பறவைகளிடமிருந்து எடுக்கப்படுவதன்று. பெரும்பாலும் இறைச்சிக்காகப் பண்ணைகளில் வளர்க்கப்படும் வாத்து, பெருவாத்து ஆகியவற்றிலிருந்து கிடைப்பது.

தூவிப் படுக்கை மேல்நாட்டாரின் வழக்கம் என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், பாண்டிமாதேவியின் கட்டிலில் அன்னத்தூவி இட்ட அணை விரிக்கப்பட்டதை நெடுநல்வாடை கூறுகிறது என்பதை இங்கே நினைவில் கொள்வது தகும்.

உறக்கப்பை எவ்வளவு கனமோ அவ்வளவு கதகதப்பு என்பதே இத்துறையில் மிகுதியாகக் காணப்படும் நம்பிக்கை. கம்பளியையும் இலவம்பஞ்சு மெத்தையையும் கையில் தூக்கிப் பார்த்து மதிப்பிட்டுப் பழகிய ஊர்களில் இது இயல்பாகவே தோன்றும். உண்மையில் பை தானாக எந்தச் சூட்டையும் உண்டாக்குவதில்லை. உறங்குபவரின் உடலே சூட்டைத் தருகிறது, தூவியின் இழைகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்று அந்தச் சூடு வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது. ஆகவே கணக்கிட வேண்டியது எடையை அன்று, ஒரு குறிப்பிட்ட எடைத் தூவி எவ்வளவு இடத்தை உப்பி நிரப்புகிறது என்பதையே. ஓர் அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 28 கிராம் தூவி எத்தனை கன அங்குலம் விரிகிறது என்று அளந்து சொல்லும் எண்ணுக்கு ஃபில் பவர் என்று பெயர். 800 என்று குறிக்கப்பட்ட தூவியின் ஓர் அவுன்ஸ் சுமார் 13 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். இதன்படி, 600 எண் கொண்ட தூவி 600 கிராம் தரும் பருமனை 800 எண் கொண்ட தூவி 450 கிராமிலேயே தந்துவிடும். பெருவாத்துத் தூவியே எப்போதும் உயர்ந்தது என்ற பேச்சும் இவ்விடத்தில் தளர்ந்துவிடுகிறது. ஒரே எண் உடைய இரண்டில் எந்தப் பறவையினுடையது என்பது வெம்மையைப் பெரிதாக மாற்றுவதில்லை.

விசாலமான பை குளிரும், உடலை இறுக்கிப் பிடிக்கும் பையே சூடு தரும் என்பது பாதி உண்மை மட்டுமே, இதை மற்றவற்றைவிட விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. உடலுக்கும் பைக்கும் நடுவே வெற்றிடம் மிகுந்தால், புரளும்போதெல்லாம் உள்ளே சூடேறிய காற்று கழுத்துப்புறமாக வெளியேறுவது மெய்தான். ஆனால் தோளும் முழங்காலும் உட்புறத் துணியை முட்டித் தள்ளும் அளவுக்குப் பை குறுகினால், அந்த இடங்களில் தூவி நசுங்கிக் காற்றை இழந்து, குளிர் நேராக உடலில் படுகிறது. ஒருக்களித்துப் படுப்பவருக்கும், பருத்த உடலினருக்கும், சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டை அணிந்து உறங்குபவருக்கும் குறுகிய பை தண்டனையாகிவிடும். தேவைப்படுவது தூவி முழுமையாக உப்பி நிற்க இடம் விடும் அகலம், அதற்கு மேல் கழுத்தைச் சுற்றி இழுத்துக் கட்டும்படி தூவி நிரப்பிய பட்டை. எனவே வாங்குபவர் பையின் நீளத்தை மட்டும் கேட்டு நிற்காமல் தோள், இடுப்பு, பாதம் ஆகிய இடங்களின் சுற்றளவையும் கேட்டு, இயன்றால் உள்ளே படுத்துப் புரண்டு பார்ப்பதே முறை. அதே அளவு தூவியை அகலமான பையில் பரப்பினால் அடுக்கு மெலியும் என்பதால், அகலமும் வெம்மையும் குறைந்த எடையும் ஒருங்கே வேண்டுமெனில் உயர்ந்த எண் கொண்ட தூவிக்கு விலை கொடுத்தாக வேண்டும். முதுகுப்புறத்தைத் திறந்துவிட்டு மேலே மட்டும் தூவி வைத்துத் தைக்கப்படும் குவில்ட் என்னும் வகை இதற்கு நல்லதொரு மாற்று. ஏனெனில் உடலின் கீழே நசுங்கும் தூவியால் எப்படியும் பயன் மிகக் குறைவு.

இதே காரணத்தால், நல்ல பை இருந்தால் விரிப்பு வேண்டியதில்லை என்ற நம்பிக்கை பேராபத்தானது. தரைக்குச் செல்லும் சூட்டைத் தடுப்பது பாயே. அதன் தடுப்பாற்றல் ஆர் மதிப்பு என்ற எண்ணால் குறிக்கப்படுகிறது, அந்த எண் கூடக் கூடத் தரையின் குளிர் உடலை எட்டுவது குறையும்.

பையில் அச்சிட்ட வெப்பநிலை வரை நிம்மதியாக உறங்கலாம் என்று கொள்வதும் தவறு. ஐஎஸ்ஓ 23537 என்னும் தரநிலை, சூடேற்றிய பொம்மையைப் பைக்குள் கிடத்தி அளந்து, சுகநிலை, எல்லைநிலை, உச்சநிலை என்று தனித்தனி எண்களைத் தருகிறது. உச்சநிலை என்பது உயிர் தப்புவதைப் பற்றியதேயன்றி உறக்கத்தைப் பற்றியதன்று. கோடையில் கொதிக்கும் சமவெளியில் வாழ்ந்து பழகியவர், உத்தராகண்டில் சுமார் 3,800 மீட்டர் உயரமுள்ள கேதார்காந்தாவுக்குப் பனிக்காலத்தில் செல்வதானால், சுகநிலை எண்ணைத் தவிர வேறெதையும் பொருட்படுத்தாமலிருப்பதே நலம். பச்சைமலைக்கோ கொல்லிமலைக்கோ செல்பவர் இவ்வளவு செலவு செய்யத் தேவையில்லை. அங்குள்ள இரவுகளுக்கு ஒரு நல்ல போர்வையோ மெல்லிய செயற்கையிழைப் பையோ பெரும்பாலும் போதும். மழை மிகுந்த மேற்குத்தொடர்ச்சி மலைகளிலும் செயற்கையிழையே மேல், ஏனெனில் நனைந்த தூவி சுருண்டு ஒட்டிக்கொண்டு தன் ஆற்றலை இழந்துவிடுகிறது.

சிறிய உறையில் அடக்கிப் பரணில் வைத்தால் பை பல ஆண்டுகள் கெடாது என்பவர்கள் நீண்ட அழுத்தம் தூவியின் இழைகளைத் தளரச் செய்வதையும், ஐப்பசி கார்த்திகை ஈரப்பதம் அதில் பூசணம் பிடிக்கச் செய்வதையும் மறந்துவிடுகின்றனர். பயணம் முடிந்ததும் நிழலில் விரித்து நன்கு உலர்த்தி, அகலமான பருத்திச் சாக்கில் தளர்வாக இட்டு வைக்க வேண்டும். கட்டாயம் தேவைப்படும்போது மட்டும், வழக்கமான சலவைத்தூளை விடுத்து மென்மையான சோப்பால் அலசி, மிதமான சூட்டில் கட்டிகள் உதிரும்வரை பொறுமையாக உலர்த்த வேண்டும்.