பனிப்பாளம் எங்கே அடைக்கும்?

ஆற்றுப் பனி உடையும் பருவத்தில் முதன்முறையாகக் கண்காணிப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு:

1. மிதந்து வரும் பாளங்களையே பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். கீழ்ப்பக்கம் இன்னும் அசையாமல் கிடக்கும் பனி எங்கே தொடங்குகிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பு பிறப்பது அங்கேதான்.

2. சரிவு குறையும் இடத்தைத் தேடுங்கள். கனடாவின் ஃபோர்ட் மெக்மரியைப் பாருங்கள். பாறைகளில் துள்ளி இறங்கி வரும் அத்தபாஸ்கா ஆறு, ஊரை ஒட்டிச் சட்டென்று வேகம் இழக்கிறது. படுகை அகலமாகி, நடுவே திட்டுகள் கிடக்கின்றன. கிளியர்வாட்டர் ஆறும் அங்கேதான் வந்து சேர்கிறது. 2020 ஏப்ரல் கடைசியில் அங்கே அடைத்தபோது, தண்ணீர் கிளியர்வாட்டருக்குள் பின்னேறி நகருக்குள் புகுந்தது. ஏறக்குறைய 13,000 பேர் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. ஆகவே துணையாற்றின் கரைக்கும் ஆள் வையுங்கள்.

3. கூர்மையான வளைவுகளை வரைபடத்தில் வட்டமிடுங்கள். 2013 மே கடைசியில் அலாஸ்காவின் யூக்கான் ஆறு பிஷப் ராக் வளைவில் அடைத்துக்கொள்ள, அதற்கு வெகு தூரம் மேல்பக்கம் இருந்த கலீனா ஊர் மூழ்கியது.

4. வடக்கே பாயும் ஆறு என்றால் கவலை இரட்டிப்பு. தெற்கே இளகிய வெள்ளம் வடக்கே உறைந்த பகுதியில் போய் முட்டும். சைபீரியாவில் அப்படிப் பாயும் லீனா ஆற்றின் பனி அடைப்பை 2001 மே மாதம் விமானத்திலிருந்து குண்டு போட்டு உடைக்கப் பார்த்தார்கள். லென்ஸ்க் நகரம் தப்பவில்லை.

5. நாள்கணக்கில் வெயில் தின்ற பனி கறுத்து, ஊசி ஊசியாக உதிரும். அது பெரும்பாலும் கெடுதல் செய்யாது. குளிர் நீடித்துத் திடீரென்று வெப்பமோ மழையோ வந்தால், கெட்டிப் பனியை வெள்ளம் பெயர்த்துத் தள்ளும். பயப்பட வேண்டியது அந்த ஆண்டுகளுக்கு.

6. ஒவ்வொரு நாளும் உறைநிலைக்குக் கீழே எத்தனை டிகிரி போனது என்று கூட்டிவந்தால் பனியின் கனத்தைக் கணக்கிடலாம். அந்தக் கூட்டுத்தொகை நான்கு மடங்கானால் கனம் இரண்டு மடங்குதான். எதற்கும் துளையிட்டு அளந்துவிடுங்கள்.

7. கரை மரங்களைத் தொட்டுப் பாருங்கள். மேலாற்றைப் பார்த்த பக்கத்தில் பனிப்பாளங்கள் மோதிப் பட்டை உரிந்து, ஓரம் தடித்து ஆறிய தழும்பு இருக்கும். தரையிலிருந்து அதன் உயரத்தை எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஆண்டின் காயம் என்பதை மர வளையங்கள் சொல்லும். அளவுக்கருவியே இல்லாத ஊரில் இதைவிட நல்ல பதிவேடு கிடைக்காது.

8. இடத்தைத் துணிந்து சொல்லுங்கள். நேரத்துக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். அடைத்துவிட்டால் சில மணி நேரத்தில் மீட்டர் கணக்கில் நீர் ஏறும். சந்தேகம் வந்தவுடனே மேல்பக்கத்து ஊரை எழுப்புங்கள். கீழ்ப்பக்கத்துக்கும் சொல்லிவிடுங்கள், அடைப்பு உடையும்போது தேங்கிய தண்ணீரும் பாளங்களும் ஒரேயடியாக அவர்கள் மேல்தான் பாயும்.