கடைப் பையனுக்குப் பயிற்சி: சர்க்கார் பங்கும் நம் பங்கும்



தேனாம்பேட்டை, ஆழ்வார்பேட்டை, மயிலாப்பூர் வட்டாரத்து மளிகைக் கடைக்காரர்கள் நம்மிடம் சரக்கு எடுக்க வரும்போது, விலையைப் பற்றிப் பேசுவதைவிட ஆள் கிடைக்காததைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். ஊரிலிருந்து உறவுக்காரப் பையனை அழைத்து வந்து, வீட்டுச் சாப்பாடு போட்டு, ஐந்தாறு வருஷம் தொழில் பழக்கி, பிறகு தனிக்கடை வைத்துக் கொடுத்த காலம் போய்விட்டது. அந்தப் பிள்ளைகள் இப்போது கல்லூரிக்குப் போகிறார்கள், அது நல்லதே. ஆனால் கடைக்கு வருகிற புது ஆளுக்குத் துவரம்பருப்புக்கும் கடலைப்பருப்புக்கும் வித்தியாசம் சொல்லி, ரகம் பார்க்கச் சொல்லிக் கொடுத்து, கல்லாவில் நிற்கும் அளவுக்குத் தேறி வரும் நேரத்தில், பக்கத்துத் தெருவில் திறக்கும் பெரிய அங்காடிக்காரர் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்து அழைத்துக்கொண்டு போகிறார். "நாம் விதைக்கிறோம், அடுத்தவன் அறுக்கிறான்; பிறகு எதற்குச் சொல்லிக் கொடுப்பது?" என்று பலர் கேட்கின்றனர்.

இது நம் தெருவுக்கு மட்டும் உள்ள குறை அன்று. எல்லா முதலாளிகளும் இப்படி நினைத்தால் நாட்டில் யாரும் யாருக்கும் தொழில் பழக்கமாட்டார்கள். ஆகவேதான் பல நாட்டு அரசாங்கங்கள், பயிற்சிச் செலவில் முதலாளி ஒரு பங்கு போட்டால் தாங்கள் ஒரு பங்கு போடுவதாக முன்வந்தன. இதற்கு இணைமானியம் என்று பெயர். முழுத்தொகையும் இனாமாகக் கொடுத்தால் பெயருக்குப் பயிற்சி நடக்கும். கைக்காசு போட்டவன்தான் பையன் கற்றானா என்று கவனிப்பான். 1997-இல் தமிழக அரசு கொண்டுவந்த 'நமக்கு நாமே' திட்டத்தில், ஊர்க்காரர்கள் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போட்டுப் பள்ளிக் கட்டடமும் சாலையும் அமைத்தது நினைவிருக்கும். அதே கணக்குத்தான் இதுவும்.

நம்மவர்களுக்கு இது புதிதும் அன்று. விருதுநகர், சிவகாசி வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை வசூலித்து, உறவின்முறை மூலம் பள்ளிக்கூடங்கள் நடத்தினார்கள். நம் அண்ணாசாலையில் எவர் பெயரால் அரங்கம் இருக்கிறதோ அந்தக் காமராசர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை அப்படிப்பட்ட பொதுப்பணத்தில் நடந்ததுதான். நகரத்தார் பெருமக்கள் பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்தபோது, பையனைப் பெட்டியடியில் உட்கார வைத்து, அடுத்தாளாக்கி, பிறகு மேலாளாக்கினார்கள். எத்தனை வருஷம், என்ன சம்பளம் என்று சீட்டு எழுதிக்கொண்டு கப்பல் ஏற்றினார்கள். ஒப்பந்தம், கால அளவு, படிப்படியான உயர்வு எல்லாம் அதில் இருந்தன. சர்க்காரின் பழகுநர் சட்டத்தைப் படித்துப் பார்த்தால் ஏறக்குறைய அதே சங்கதிகள்தாம், வேறு நடையில்.

இனி அந்தச் சட்டத்துக்கு வருவோம். தொழில் பழகுநர் சட்டம் 1961-இல் இயற்றப்பட்டது. நெடுங்காலம் அதை ஆலைக்காரர்கள் சமாசாரம் என்று நாம் ஒதுக்கிவிட்டோம். 2014-இல் செய்த திருத்தத்தால், சர்க்கார் பட்டியலில் இல்லாத தொழிலுக்கும் முதலாளியே பாடம் வகுத்துப் பழகுநரை எடுக்கலாம் என்று வழி பிறந்தது. விருப்பத் தொழில் என்பார்கள். கடை விற்பனை, கிடங்குக் கணக்கு, கல்லா எல்லாம் இதற்குள் அடங்கும். 2019 விதித் திருத்தத்தின்படி, ஒப்பந்தக்காரர் மூலம் வருபவர்களையும் சேர்த்து 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஸ்தாபனம் கட்டாயம் பழகுநர் எடுக்கவேண்டும். 4 முதல் 29 பேர் வரை உள்ளவர் விரும்பினால் எடுக்கலாம்.

பணம் எவ்வளவு என்பதுதான் எல்லோரும் கேட்பது. அதே 2019 திருத்தம் குறைந்தபட்ச மாத உதவித்தொகையை வகுத்தது: ஐந்து முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவருக்கு 5,000 ரூபாய், பத்து தேறியவருக்கு 6,000, பன்னிரண்டு தேறியவருக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. 2016 ஆகஸ்டில் தொடங்கிய தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின்கீழ் இதில் 25 சதவிகிதத்தை, மாதம் 1,500 ரூபாய்க்கு மேற்படாமல், மத்திய அரசு ஏற்கிறது. முதலில் நாம் முழுவதும் கொடுத்துவிட்டுப் பிறகு கேட்டு வாங்கவேண்டியிருந்தது. 2023 ஆகஸ்ட் முதல் அரசின் பங்கு பழகுநரின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போகும்படி செய்தார்கள். நம் பங்கையும் வங்கி மூலமாகத்தான் கொடுக்கவேண்டும். கையில் கொடுத்த பணம் கணக்கில் வராது.

பட்டதாரிக்கும் டிப்ளமோக்காரருக்கும் தனியாக மற்றொரு திட்டம் உண்டு. தென்மண்டலத்துக்கு அதைக் கவனிப்பது தரமணியில் உள்ள பழகுநர் பயிற்சி வாரியம். அதில் அரசின் பங்கு குறைந்தபட்சத் தொகையில் சரிபாதி. முன்பு பொறியியல் படித்தவர்களுக்கே உரியதாயிருந்ததைப் பின்னால் பி.ஏ., பி.எஸ்ஸி., பி.காம். படித்தவர்களுக்கும் திறந்துவிட்டார்கள்.

ஆண்டுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பன்னிரண்டு தேறிய பையனுக்கு மாதம் 7,000 வீதம் ஆண்டுக்கு 84,000 ரூபாய். அரசு பங்கு 18,000. நம் பங்கு 66,000. பி.காம். பட்டதாரிக்கு 9,000 வீதம் 1,08,000. பாதி அரசு, பாதி நாம், ஆளுக்கு 54,000. ஜி.எஸ்.டி. பில்லும் கொள்முதல் கணக்கும் பார்க்க ஆள் தேடும் மொத்த வியாபாரிக்கு இந்த இரண்டாவது கணக்கு மிகவும் பொருந்தும். படித்த பெண்பிள்ளைகளும் இதற்கு நிறைய வருவார்கள் என்பது எமது எண்ணம்.

இந்தத் தொகைகள் நிலையானவை அல்ல. மத்தியப் பழகுநர் குழு 2025 மே மாதத்தில் 36 சதவிகிதம் உயர்த்தி, 6,800 முதல் 12,300 ரூபாய் வரை ஆக்கலாம் என்று பரிந்துரைத்தது. ஆகையால் ஒப்பந்தம் எழுதும் நாளில் என்ன தொகை என்று பார்த்துக்கொண்டு எழுதவேண்டும். இன்னொன்றும் சொல்லவேண்டும். சென்னையில் 7,000 ரூபாய்க்கு எந்தப் பையன் தங்கிச் சாப்பிட்டு வேலை கற்பான்? அது குறைந்தபட்சம்தான். கூடக் கொடுத்தால்தான் ஆள் நிற்கும். அப்படிக் கொடுக்கும் அதிகப்படிக்கு அரசு ஒரு காசும் போடாது. ஆக 1,500 ரூபாயை நம்பி இறங்குகிறவர் இறங்கவேண்டாம். தேறிய ஆள் வேண்டும் என்று இறங்குகிறவருக்கு அது ஒரு கைத்தாங்கல்.

பழகுநர் சட்டப்படி தொழிலாளி அல்ல, பயிலுபவர். அதனால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் அவருக்கு இல்லை. ஆனால் கடையில் மூட்டை சரிந்து அடிபட்டால் ஈட்டுத்தொகை நம் பொறுப்பு. அதிகாரியின் அனுமதியின்றி மிகைநேர வேலை வாங்கவும் கூடாது. மளிகைக் கடைக்கு இதுதான் பெரிய இடைஞ்சல். காலை ஆறு மணிப் பால் பாக்கெட்டிலிருந்து இரவு பத்து மணி ஷட்டர் வரை ஒரே பையன் நிற்பதுதான் நம் வழக்கம். பழகுநரை அப்படி நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. பயிற்சி முடிந்ததும் அவரை வேலைக்கு வைத்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இல்லை. இருந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் அவருக்கும் இல்லை. நடுவில் நாம் ஒப்பந்தத்தை மீறினால் மூன்று மாத உதவித்தொகைக்குச் சமமான தொகை ஈடாகத் தரவேண்டியிருக்கும். பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையை எந்தப் பெயரிலும் எடுக்க முடியாது. பதினெட்டுக்குக் கீழ் என்றால் பெற்றவரோ காப்பாளரோ கையெழுத்திடவேண்டும்.

என்ன கற்றுக் கொடுப்பது? நம்மில் பலருக்கு இங்கேதான் தயக்கம். "பொட்டலம் மடிப்பதற்கு என்ன பாடம்?" என்று சிரிக்கிறார்கள். உட்கார்ந்து எழுதிப் பார்த்தால் ஆறு மாதம் போதாது என்று தெரியும். எலெக்ட்ரானிக் தராசில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பது, பாத்திர எடை கழிப்பது, தராசுக்கு எப்போது முத்திரை புதுப்பிக்கவேண்டும் என்று அறிவது ஒரு பாடம். பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்து ஈரம், வண்டு, நொய், உடைசல் கண்டறிவது இன்னொன்று. துவரையில் கேசரிப் பருப்புக் கலந்திருந்தால் அதன் சப்பையான, ஓரம் வெட்டினாற்போன்ற வடிவத்தைக் கொண்டு அடையாளம் காண்பதை எந்தப் புத்தகமும் கண்ணுக்குப் பழக்காது. பத்து மூட்டை பிரித்துப் பார்த்தவர்தான் பழக்கமுடியும். மூட்டைகளைத் தரையில் போடாமல் மரத்தட்டின்மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குவதும், காலாவதி நாள் முன்னே வருவதை முன்னே வைத்து விற்பதும் சொல்லிக் கொடுக்கவேண்டியவையே. பிஸ்கட், மசாலாப் பொடியில் நாம் இழப்பது பெரும்பாலும் இந்த அடுக்குமுறை தெரியாத கையால்தான். பிறகு பில், வரி, பற்று எழுதுதல், செல்போனில் பணம் போட்டேன் என்று சொல்பவரின் பணம் உண்மையில் வந்ததா என்று பார்த்தல். எல்லாவற்றுக்கும் மேல், மாமி அரைக்கிலோ உளுந்து கேட்டால் இட்லிக்கா, வடைக்கா என்று கேட்டு ரகம் எடுக்கத் தெரிவது. பெரிய அங்காடியிடம் இல்லாதது அதுதான். நம்மைத் தேடி வாடிக்கை வருவதும் அதனால்தான்.

சில்லறை வணிகத்துக்கென்று ராஸ்கி எனப்படும் திறன் கவுன்சில் வகுத்த பாடத்திட்டங்கள் உள்ளன. காசாளர், கடை விற்பனையாளர் என்று பதவிவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். அவை குளிரூட்டிய கடைகளை மனத்தில் வைத்து எழுதினவை போலத் தோன்றுகிறது. அவற்றை அடிப்படையாகக் கொண்டு, மேற்சொன்ன நம் பாடங்களைச் சேர்த்துக்கொள்வது உத்தமம்.

இப்போது முக்கியமான சிக்கல். நம் உறுப்பினர்களில் பாதிப்பேரின் கடையில் முதலாளி, அவர் தம்பி, ஒரு பையன், அவ்வளவுதான். 4 பேர் என்ற வாசற்படியையே அவர்கள் தாண்டமாட்டார்கள். தாண்டினவருக்கும் இணையவழிப் பதிவு, ஒப்பந்தம், மாதாமாதம் கணக்கு ஏற்றுவது என்று வேலை இருக்கிறது. யார் உட்காருவது? மலேசியாவில் 1992-இல் சட்டம் இயற்றி, முதலாளிகளிடம் சம்பளத் தொகையில் 1 சதவிகிதம் வசூலித்து, பயிற்சி கொடுத்தவர்க்குத் திருப்பித் தரும் நிதி ஏற்படுத்தினார்கள். பெரிய கம்பெனிகள் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டன. சிறிய ஸ்தாபனங்களில் பல, பணம் கட்டியும் திரும்பக் கேட்காமலே விட்டன. காரணம் வேறொன்றுமில்லை, காகித வேலைக்கு ஆளில்லை.

கென்யாவில் வேறு விதமாகச் செய்து பார்த்தார்கள். 1990-களின் பிற்பகுதியில் அங்கே 'ஜூவா காலி' எனப்படும் சாலையோரச் சிறுதொழில்காரர்களுக்குப் பயிற்சிச் சீட்டுகள் கொடுத்தார்கள். சீட்டின் விலையில் சிறு பங்கு அவர்களுடையது; பெரும்பங்கு அரசுடையது. சீட்டை எங்கு வேண்டுமானாலும் கொடுத்துக் கற்கலாம் என்றதும், அவர்கள் பயிற்சி நிலையங்களைவிட அனுபவப்பட்ட கைவினைஞர்களிடமே அதிகம் போனார்கள். தொழில் தெரிந்தவனே வாத்தியார் ஆனான். நிர்வாகச் செலவு அதிகம் என்ற குறை அதற்கு உண்டு. ஆனால் கடைக்காரனுக்குக் கடைக்காரனே சொல்லிக் கொடுக்கலாம் என்பதற்கு அது நல்ல சான்று.

நம் சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. பல முதலாளிகள் தாமாகவோ, அங்கீகாரம் பெற்ற ஓர் அமைப்பின் மூலமாகவோ ஒன்றுசேர்ந்து பழகுநருக்குப் பயிற்சி தரலாம் என்று பழகுநர் சட்டமே கூறுகிறது. அந்த அமைப்பு ஏன் நம் சங்கமாக இருக்கக்கூடாது? பதிவும் கணக்கும் சங்க எழுத்தர் பார்க்கட்டும். பையன் நான்கு மாதம் மொத்தக் கிடங்கில் ரகமும் அடுக்குமுறையும் கற்கட்டும். நான்கு மாதம் சில்லறைக் கடையில் நிற்கட்டும். மீதி நான்கு மாதம் கணக்கும் கல்லாவும் பார்க்கட்டும். ஒரு கடைக்காரர் பழக்கி இன்னொரு கடைக்குப் போனாலும் சங்கத்துக்குள்ளேதான் இருப்பான். அடுத்தவன் அறுக்கிறான் என்ற பேச்சுக்கும் இடமிராது. செலவுக்கு, மூட்டைக்கு 50 பைசாவோ ஒரு ரூபாயோ பழைய மகமை போல மொத்த வியாபாரிகளாகிய நாம் போட்டுக்கொள்ளலாம். இதில் முதலில் கைநீட்ட வேண்டியவர்கள் மொத்த வியாபாரிகளே. சில்லறைக் கடை மூடினால் நம் பாக்கியும் அதனோடு போகிறது.

எதிர்த்துச் சொல்பவர்கள் உண்டு. "சர்க்கார் காகிதத்தில் பெயர் ஏறினால் இன்ஸ்பெக்டர் வருவார்" என்பது ஒன்று. வரி, தராசு, உணவுப் பாதுகாப்பு என்று ஏற்கெனவே நாம் எல்லாக் காகிதத்திலும் இருக்கிறோம். இது ஒன்றால் புதிதாக யாரும் வரப்போவதில்லை. "குறைந்த கூலிக்கு ஆள் பிடிக்க இதைப் பயன்படுத்துவார்கள்" என்பது இரண்டாவது. இது நியாயமான அச்சம். பல பெரிய ஸ்தாபனங்கள்மேல் அந்தப் புகார் உண்டு. பழகுநரை வருஷம் முழுவதும் மூட்டை தூக்கவும் டெலிவரிக்கும் மட்டும் அனுப்பும் உறுப்பினருக்கு மறுபடி ஆள் தருவதில்லை என்று சங்கம் தொடக்கத்திலேயே தீர்மானம் போடவேண்டும்.

விசாரிக்க விரும்புவோர், பள்ளிப் படிப்புப் பையன்களுக்குக் கிண்டியில் உள்ள வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை அலுவலகத்தை அணுகலாம். தேனாம்பேட்டையில் மெட்ரோ ஏறினால் நான்காவது நிலையம். பட்டதாரிகளுக்குத் தரமணி வாரியம். பதிவுக்கு ஜி.எஸ்.டி. எண், பான் எண், வங்கி விவரம், கடையில் வேலை செய்வோரின் எண்ணிக்கை ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளவும். கூட்டாகச் சேர விருப்பமுள்ளவர்கள், தங்கள் கடையில் எத்தனை பேர், எந்த வேலைக்கு ஆள் தேவை, எதை நன்றாகச் சொல்லிக் கொடுக்கமுடியும் என்ற மூன்று விவரங்களையும் ஒரு தாளில் எழுதி, அடுத்த மாதாந்திரக் கூட்டத்துக்கு முன் சங்கச் செயலாளரிடம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.